ஆளே வராத நாடுகளுக்கு இரண்டு இடம்

அத்தியாயம் 17

நசீர் ஏன் சிரிக்கவில்லை என்று மூன்று வாரமாக எழுதிக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

ருமானாவின் விண்ணப்பத்தில் அப்துல் ரவூப் கையெழுத்துப் போட்ட அன்று வீடே சிரித்தது. மாதக்கணக்காக 'முடியாது' என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டிருந்த மனிதர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, தன் பெயரை நிதானமாக எழுதினார். மைமூன் எல்லார் வாயிலும் ரவை அல்வாவைத் திணித்தாள். நசீர் மட்டும் அல்வாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டான். தங்கை மேல் பொறாமை என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார். இல்லை அம்மா. பொறாமையாக இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

இன்றைக்குத்தான் இந்தப் பக்கம் வருகிறவர்களுக்காக நாலு வரி. ரங்கூன் பபேடானில் மூன்றாவது மாடி வீடு. கீழே அதே தெருவில் அப்துல் ரவூப்பின் மூக்குக்கண்ணாடிக் கடை. மனைவி மைமூன். மகன் நசீருக்கு இருபத்தேழு, மகள் ருமானாவுக்குப் பதினெட்டு; அண்ணனை அவள் நானா என்று கூப்பிடுவாள். ருமானாவின் உயரம் ஆறடி ஒரு அங்குலம். பிறந்ததிலிருந்தே மைமூன் அவளுக்கு ஆடை வாங்கித் தோற்றுப்போனவள். அந்த உயரத்தைத் தெருவே கேலி செய்தபோது, 'இதை வைத்து ஒரு காரியம் செய்யலாம்' என்று பந்தைக் கையில் கொடுத்தவர் மோகன். ரயில்வேக் குடும்பத்தில் பிறந்து, லான்மடாவில் கூடைப்பந்து சொல்லிக் கொடுப்பவர். ஆசிரியரை இந்த ஊரில் சயா என்பார்கள். ருமானாவுக்கு அவர் சயா மோகன்.

ஆஸ்திரேலியாவில் ஒரு பயிற்சிக் கழகம். உலகம் முழுவதிலிருந்தும் வருடத்துக்கு இருபது பெண்களை எடுக்கிறார்கள். இரண்டு வருடம் படிப்பும் ஆட்டமும் அவர்கள் பொறுப்பு. பதினெட்டு வயதுக்கு மேல் சேர்க்கமாட்டார்கள். ருமானாவுக்கு இந்த வருடத்தை விட்டால் வேறு வருடம் இல்லை.

பதில் வரவேண்டிய நாள், பன்னிரண்டாம் நோன்பு.

நசீரின் வேலையைப் பற்றி இத்தனை வாரமும் 'கம்ப்யூட்டர் வேலை' என்று சொல்லி ஒப்பேற்றிவிட்டேன். வீட்டிலும் அவன் அப்படித்தான் ஒப்பேற்றியிருந்தான். இனி முடியாது.

காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் வந்தது. நசீர் தன் அறையில் மடிக்கணினியைத் திறந்தான். வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்காக அவன் விளையாட்டு வீரர்களின் கணக்கைப் பார்க்கிறான். யார் எத்தனை ஆட்டம் ஆடினார்கள், எத்தனை பந்து போட்டார்கள், பிறகு என்ன ஆனார்கள் என்று பட்டியல் போட்டுக் கொடுப்பது. அந்த நிறுவனத்திடம் யோசனை கேட்கும் கழகங்களில் ருமானா விண்ணப்பித்த கழகமும் ஒன்று. வாடிக்கையாளர் பெயரை வெளியே சொல்லக்கூடாது என்பது வேலையின் நிபந்தனை. ஆகவே தங்கைக்குத் தெரியாது.

அன்று வந்திருந்த கோப்பில் ஐந்நூற்றுச் சொச்சம் பெயர்கள். அவன் நேராகத் தள்ளப்பட்டவர்களின் பகுதிக்குப் போனான்.

எண் 212. யமின். வயது பதினெட்டு. உயரம் 185 சென்டிமீட்டர்.

வீட்டில் ருமானா என்றால் பள்ளிக்கூடத்திலும் பாஸ்போர்ட்டிலும் யமின். ரங்கூனில் நம்மவர்களுக்கு வீட்டுக்கு ஒரு பெயர், வெளியே ஒரு பெயர் என்பது வழக்கம்தான். பெயருக்கு எதிரே இரண்டு கட்டங்கள். வீடியோ பார்க்கப்பட்டதா: இல்லை. காரணம்: நாடு.

அந்தக் காரணத்தை எழுதியவனே நசீர்தான்.

எட்டு மாதத்துக்கு முன்னால் அவனுடைய மேலதிகாரி ஹெலன் ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். ஒரு பெண் எந்த நாட்டிலிருந்து வருகிறாள் என்பதை வைத்து அவள் தேறுவாளா மாட்டாளா என்று சொல்ல முடியுமா? பன்னிரண்டு வருடக் கணக்கு, ஆயிரத்து நூறு பெண்கள். நசீர் மூன்று வாரம் அதிலேயே கிடந்தான்.

முதலில் பார்த்தபோது சொல்ல முடியும் என்றுதான் தோன்றியது. சில நாட்டுப் பெண்கள் திரும்பத் திரும்பத் தேறினார்கள். பிறகு அவன் ஒரே உயரமுள்ளவர்களையும், ஒரே வயதில் பந்தைத் தொட்டவர்களையும், வருடத்துக்கு ஏறக்குறைய அதே எண்ணிக்கை ஆட்டம் கிடைத்தவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். நாட்டின் பெயருக்கு இருந்த பலம் பெரும்பாலும் போய்விட்டது. அப்படியே எழுதினான். நல்ல வேலை என்று அவனுக்கே ஒரு பெருமை இருந்தது.

ஹெலன் விடவில்லை. உண்மை அதுவாக இருக்கட்டும், ஐந்நூறு வீடியோவைப் பார்க்க நாலு பேர்தான் இருக்கிறார்கள், எதை விடலாம் என்று சொல் என்றாள். நசீர் கடைசிப் பக்கத்தில் ஒரு வாக்கியம் சேர்த்தான். 'இதுவரை ஒருவரும் வந்து சேராத நாடுகளை முதல் பார்வையில் விட்டுவிடலாம்.' அப்படி ஒன்பது நாடுகள் இருந்தன. மனசு உறுத்தியது. அந்த ஒன்பதில் வருடத்துக்கு இரண்டு நாட்டிலிருந்து மட்டும் தலா ஒரு பெண்ணை விடாமல் பார்க்கலாம் என்றும் எழுதினான்.

எந்த இரண்டு என்று நீயே சொல், உன் நாடும் அந்த ஒன்பதில் இருக்கிறது அல்லவா என்று ஹெலன் கேட்டாள். அன்பாகக்கூடக் கேட்டிருக்கலாம். நசீரின் காதில் அது அப்படி விழவில்லை.

லாவோஸ், நேபாளம் என்று எழுதி அனுப்பினான்.

ஏன் என்று தெரிய வேண்டுமானால் பள்ளிவாசல் கஞ்சி வரிசைக்குப் போக வேண்டும். ரமலான் மாதம் அவர்கள் தெருப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி ஊற்றும் கரண்டி முப்பது வருடமாக அப்துல் ரவூப்பின் கையில் இருக்கிறது. அந்த முப்பது வருடமும் அவர் வீட்டுத் தூக்குச்சட்டி வரிசையின் கடைசியில்தான் நிற்கும். அது அவர் போட்ட சட்டம். நம் ஆளுக்கு நாமே முதலில் ஊற்றினால் அடுத்தவன் நம் கரண்டியை நம்பமாட்டான் என்பார். கண்ணாடிக் கடையிலும் அப்படித்தான். சொந்தக்காரர் வந்தால் உட்கார வைத்துவிட்டு, வேற்றாளை முதலில் கவனிப்பார். நாலு தலைமுறையாக இதே ஊரில் இருந்தும் 'நீங்கள் எந்த ஊர்' என்று கேட்கப்படுகிறவர்கள், ஒரு சொட்டு கூடுதலாக எடுத்தாலும் ஊருக்கே தெரியும் என்று பயந்து வாழ்கிறவர்கள். அந்தப் பயத்துக்கு அவர் வீட்டில் நாணயம் என்று பெயர்.

சிறு வயதில் தூக்குச்சட்டியோடு கடைசியில் நின்று வளர்ந்த பையன் தன் நாட்டைத் தானே கடைசியில் நிறுத்தினான். அவ்வளவுதான்.

அப்போது வாப்பா சம்மதிக்கவே மாட்டார் என்று நினைத்திருந்தான். ருமானா எங்கே போகப் போகிறாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டான். வாப்பா கையெழுத்துப் போட்டபோதுதான் அல்வாவைக் கையில் வைத்துக்கொண்டு பால்கனிக்குப் போனான். அதற்குப் பிறகும் வாயைத் திறக்கவில்லை. நான் எழுதியது வெறும் யோசனைதானே, அப்படியேவா எடுத்துக்கொள்வார்கள் என்று மூன்று வாரத்தை ஓட்டினான். அப்படியேதான் எடுத்துக்கொண்டார்கள்.

பகல் பன்னிரண்டரைக்கு ருமானாவின் கைபேசிக்குக் கடிதம் வந்தது.

அவள் கூடத்தில் தரையில் உட்கார்ந்து மைமூனுக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வெங்காயக் கையோடே படித்தாள். நாலே வரி. தங்கள் ஆர்வத்துக்கு நன்றி, இந்த வருடம் பார்வைக்கு எடுத்துக்கொண்ட நாடுகளில் தங்கள் நாடு இல்லை, தங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்.

அவள் உடனே வேறு ஒரு பக்கத்தைத் திறந்தாள். விண்ணப்பத்தோடு அனுப்பிய வீடியோ இருக்கும் பக்கம். அதன் அடியில் எத்தனை முறை பார்க்கப்பட்டது என்று எண் காட்டும்.

"என்னம்மா எழுதியிருக்காங்க?" என்றாள் மைமூன்.

"அஞ்சுதான் உம்மா இன்னும்."

"என்னது அஞ்சு?"

"வீடியோவ. நான் ஒண்ணு, சயா ஒண்ணு, நீங்க ஒண்ணு, வாப்பா கடையில வச்சு ரெண்டு. அஞ்சு. அவங்க தொறக்கவே இல்ல. ஆட்டம் சரியில்லன்னு சொல்லல உம்மா. ஆட்டத்த யாருமே பாக்கல."

மைமூன் கத்தியைக் கீழே வைத்தாள். ஏதோ தப்பாக வந்திருக்கும், சயாவிடம் கேள் என்றாள். சயா மோகனே கூப்பிட்டுவிட்டார். அவருக்கும் அதே கடிதத்தின் நகல் போயிருந்தது. மனிதர் கத்தினார். இங்கிருந்து இதுவரை ஒரு ஆளும் போகவில்லை என்பதுதானே காரணம், அதற்காக இங்கே ஒரு ஆளும் இல்லை என்று அர்த்தமா, கூப்பிட்டுப் பார்த்தார்களா என்று கேட்டார். ருமானா ஆமாம் சயா, ஆமாம் சயா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் அவளே அவரைச் சமாதானப்படுத்தி வைக்க வேண்டியிருந்தது. பிறகு மீதி வெங்காயத்தை உரித்தாள். அழவில்லை.

அறை வாசல் திரைக்குப் பின்னால் நசீர் அவ்வளவையும் கேட்டான். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படி இறங்கினான்.

கடையில் ஒரு பர்மியப் பெரியவருக்கு ரவூப் கண் பார்த்துக்கொண்டிருந்தார். கனத்த வட்டச் சட்டத்தை அவர் மூக்கில் மாட்டி, வில்லைகளை ஒவ்வொன்றாகப் போட்டு எடுத்து, இது தெளிவா அது தெளிவா என்று பொறுமையாகக் கேட்டார். மகன் முகத்தைப் பார்த்தும் அவசரப்படவில்லை. வேற்றாள் முதலில். அது அன்றும் மாறவில்லை.

பெரியவர் போன பிறகு நசீர் அதே நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். ஹெலனின் கேள்வி, ஒன்பது நாடு, அதில் இரண்டு. ரவூப் ஒரு வில்லையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். துடைத்து முடித்த பிறகும் துடைத்தார்.

"கடைக்கே வராதவன் கண்ணுல கோளாறு இல்லன்னு எழுதுவியா நசீரு?"

"எழுதிட்டேன் வாப்பா."

"ரெண்டுல ஒண்ணா நம்ம நாட்டப் போட்டிருக்கலாமே."

"போட்டா, தன்னோட ஆளுக்காகப் போட்டான்னு நெனப்பாங்கன்னு…"

ரவூப் வில்லையைப் பெட்டியில் வைக்கப் போனவர் வைக்கவில்லை. கையிலேயே பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். மகனைத் திட்டுவார் என்று நசீர் காத்திருந்தான். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"நீ ஒண்ணும் புதுசாச் செய்யல. நான் சொல்லிக் குடுத்ததத்தான் செஞ்சிருக்கே," என்றார். "எத்தன நோன்புக்கு அடிச்சட்டியச் சொரண்டி நம்ம தூக்குல ஊத்திருப்பேன். உங்க உம்மா வெந்நி ஊத்திக் கலக்கிக் குடுப்பா. ஒரு நாளு ஒரு வார்த்த சொன்னதில்ல. நானும் பெருமையா இருந்திட்டேன்."

அவர் அழுதார். கடைவாசலில் ஆள் வந்ததும் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாங்க என்றார்.

நசீர் அங்கேயே உட்கார்ந்து கைபேசியில் ஹெலனுக்கு எழுதினான். எண் 212 என் தங்கை. அவள் விண்ணப்பிக்க நினைத்திருப்பது தெரிந்தும், பட்சபாதம் என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே என் நாட்டை விட்டேன். அதைவிடப் பெரிய தவறு ஒன்று இருக்கிறது. அந்த ஒன்பது நாடுகளின் கட்டம் பூஜ்யம் இல்லை, வெற்றிடம். அங்கிருந்து யாரும் தேறவில்லை என்று நம்மால் சொல்ல முடியாது, அங்கே நாம் பார்க்கவே இல்லை. ஒரே ஒரு முறை அவள் வீடியோவைத் திறக்கச் சொல்லுங்கள்.

அனுப்பிவிட்டுத் திரும்பப் படித்தான். ஒவ்வொரு சொல்லும் சரியாக இருந்தது. ஆனால் எட்டு மாதத்துக்கு முன்னால் எழுதியிருந்தால் இது கணக்கு. இன்று இது ஒரு அண்ணன் தங்கைக்கு எழுதிய சிபாரிசு. படிக்கிறவர்கள் அப்படித்தான் படிப்பார்கள் என்பது அவனுக்குத் தெரியும். அவனாக இருந்தாலும் அப்படித்தான் படித்திருப்பான்.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அவன் மாடிப்படி ஏறினான். இரண்டாவது மாடித் திருப்பத்தில் ருமானா உட்கார்ந்திருந்தாள். அந்தக் குறுகலான படியில் அவள் கால் நாலு படி நீளத்துக்கு நீண்டிருந்தது. மடியில் பந்து. தாண்டிப் போக வழியில்லை. போகவும் முடியாது.

அவன் கீழ்ப்படியில் உட்கார்ந்து சொன்னான். ருமானாவுக்குக் கோபம் வந்தால் தமிழ் நின்று பர்மிய மொழி வந்துவிடும். வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அன்று அவள் தமிழிலேயே கேட்டாள். அதுதான் நசீருக்குப் பயமாக இருந்தது.

"நானா, அந்தச் சட்டம் நீ எழுதினதா?"

"ஆமா."

"ஒன்பதுல நம்ம நாட்ட விட்டது?"

"நாந்தான்."

"நான் அனுப்பணும்னு ஆசப்பட்டது ஒனக்கு அப்பத் தெரியாது. அப்பிடித்தான்?"

தெரியாது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவள் அந்தப் பொய்க்குத்தான் இடம் விட்டுக் கேட்டாள். நசீருக்கு அது புரிந்தது.

"தெரியும்," என்றான். "நீ இருக்கேன்னுதான்மா விட்டேன்."

கீழே தெருவில் யாரோ மேல் வீட்டுக் கயிற்றை இழுத்து மணியடித்தார்கள். படிக்கட்டு ஜன்னலுக்கு வெளியே, பால்கனியிலிருந்து தொங்கும் கயிற்றில் காய்கறிப் பை ஏறிப் போனது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என் வீடியோவ நீ பாத்தியா?"

"இல்ல."

"அஞ்சுல நீ இல்லன்னு தெரியும். வேற எங்கயாச்சும் பாத்திருப்பேன்னு நெனச்சேன்."

"பாத்தா மனசு உன் பக்கம் சாஞ்சிரும்னு பாக்கல."

"மத்த ரெண்டு நாட்டுப் புள்ளைங்களையும்?"

நசீர் தலையைக் குனிந்தான். அந்த இரண்டு பெண்களின் வீடியோவையும் போன வாரம் அவன்தான் முதலில் பார்த்துக் குறிப்பெழுதினான். இரண்டு பேருக்கும் நல்ல குறிப்பு.

"வேற வீட்டுல பொறந்திருந்தா என்னயவும் பாத்திருப்பே," என்றாள் ருமானா.

காலை மடக்கி அவனுக்கு வழி விட்டாள். அவ்வளவுதான் பேச்சு. அவள் கத்தியிருந்தால், பந்தை எடுத்து அவன் மேல் எறிந்திருந்தால், இந்த அத்தியாயத்தை எழுதுவது எனக்கும் சுலபமாக இருந்திருக்கும்.

ஐந்தரை மணிக்குப் பள்ளிவாசல் பக்கச் சந்தில் கஞ்சி வரிசை நின்றது. பெண்களும் சிறுவர்களும் தூக்குச்சட்டியும் பிளாஸ்டிக் வாளியுமாக நாற்பது ஐம்பது பேர். முதலில் நின்றது நாலரைக்கே வந்து இடம் பிடித்த எதிர்வீட்டு சைதா. வழக்கமாகக் கஞ்சிக்கு வருவது நசீர்தான். அன்று ருமானா அவன் கையிலிருந்து தூக்கை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். அவன் பத்தடி பின்னால் வந்து, சந்தின் முனையில் நின்றான்.

ரவூப் அண்டாவின் மூடியைத் திறந்தார். கரண்டியை முக்கினார். சைதா சட்டியை நீட்டினாள். அவர் ஊற்றவில்லை.

"ருமானா, முன்னுக்கு வாம்மா," என்றார்.

சந்து திரும்பிப் பார்த்தது. முப்பது வருடமாக யாரும் கேட்காத வார்த்தை. சைதாவுக்கு முகம் சுண்டியது. ரவூப் ஐயாவுக்கு இன்றைக்கு என்ன வந்தது, நாங்கள் எல்லாம் ஆள் இல்லையா என்று பின்னாலிருந்து ஒரு குரல் பர்மிய மொழியில் முணுமுணுத்தது. ரவூப்பின் காதில் விழுந்தது. விழுந்தும் கரண்டியை நீட்டியபடியே நின்றார். கரண்டியிலிருந்து கஞ்சி சொட்டியது.

ருமானா அவர் முன்னால் வரை வந்தாள்.

"வரிசை இருக்கு வாப்பா," என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு வரிசையைக் கடந்து நடந்து கடைசியில் போய் நின்றாள்.

எவ்வளவு பின்னால் நின்றாலும் அவளை மறைக்க ஆள் கிடையாது. ஒவ்வொரு சட்டியாக ஊற்றும்போதும் ரவூப் நிமிர்ந்தார். நிமிர்ந்தபோதெல்லாம் மகள் தெரிந்தாள். அவள் முறை வந்தபோது அண்டாவைச் சாய்த்துச் சுரண்ட வேண்டியிருந்தது. அரைத் தூக்கு தேறியது. அடிப்பிடித்த வாசனை. கண்ணாடியில் ஆவி படிந்திருந்ததால் அவருக்கு அவள் முகம் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் அதில் ஒன்றும் இல்லை.

பாங்கு சொன்னதும் வீட்டில் நாலு பேரும் பேரீச்சம்பழம் தின்று தண்ணீர் குடித்தார்கள். மைமூன் கஞ்சியில் வெந்நீர் ஊற்றிக் கலக்கி நாலு கிண்ணமாக்கினாள். அப்போது நசீரின் கைபேசி அதிர்ந்தது.

ஹெலன். மரியாதையான கடிதம். உண்மையைச் சொன்னதற்கு நன்றி. வெற்றிடத்தைப் பூஜ்யம் என்று எண்ணியது நம் தவறுதான், அடுத்த வருடம் திருத்துவோம். ஆனால் இந்த வருடம் அத்தகைய நாடுகளுக்கு இரண்டே இடம் என்று கழகத்திடம் ஒப்புக்கொண்டாகிவிட்டது, மூன்றாவது கேட்க முடியாது. உன் தங்கையின் வீடியோவைப் பார்வைக்கு அனுப்ப வேண்டுமானால் லாவோஸ் பெண், நேபாளப் பெண் இருவரில் ஒருவரை நீக்கிவிட வேண்டும். அவர்கள் இருவரின் ஆட்டத்தையும் பார்த்தவன் நீ ஒருவன்தான். யாரை நீக்கலாம் என்று நாளைக் காலைக்குள் எழுது.

வாய்விட்டுப் படிக்கச் சொன்னது மைமூன்; நடந்ததெல்லாம் அதற்குள் அவளுக்கும் தெரிந்திருந்தது. கேட்டு முடித்ததும் அவள் முகத்தில் பகல் முழுக்க இல்லாத வெளிச்சம்.

"இதுல யோசிக்க என்ன கெடக்கு? எழுதிப் போடு நசீரு. யாரோ ஒரு புள்ள, எங்கிட்டோ இருக்குது. இவ ஒனக்குக் கூடப் பொறந்தவ."

நசீர் வாப்பாவைப் பார்த்தான். ரவூப் கிண்ணத்தைப் பார்த்தார். காலையில் கேட்டிருந்தால் அவருக்குப் பதில் தெரிந்திருக்கும். முப்பது வருடமாகத் தெரிந்த பதில். இப்போது அவருக்கே எதுவும் தெரியவில்லை.

"அவங்க ரெண்டு பேரையும் காட்டு நானா," என்றாள் ருமானா.

வேண்டாம் என்றான். அவள் கையை நீட்டியபடியே இருந்தாள். கொடுத்தான்.

நேபாளப் பெண் பள்ளிக்கூட ஷூவோடு ஆடினாள். வேகம் இருந்தது. ருமானா தலையசைத்துக்கொண்டே பார்த்தாள். லாவோஸ் பெண்ணுக்குப் பதினேழு வயது. விரிசல் விட்ட சிமெண்ட் தரை, வலை இல்லாத வளையம், ஓரத்தில் யாரோ துணி உலர்த்தியிருந்தார்கள். இடது கைக்காரி. தன்னைவிடப் பெரிய பெண்கள் இரண்டு பேருக்கு நடுவில் புகுந்து, பார்க்காமலே பின்னால் பந்தைக் கொடுத்தாள். ருமானா அந்த இடத்தை நிறுத்தி, பின்னுக்குத் தள்ளி, மறுபடி பார்த்தாள். ஏழு நிமிட வீடியோவை முழுக்க இரண்டு தடவை பார்த்தாள். அவள் கிண்ணத்தில் கஞ்சி ஆடை கட்டிவிட்டது.

முடிந்ததும் அவள் விரல் வீடியோவின் அடியில் போய் நின்றது. எண்ணைப் பார்த்தாள்.

"இவளுக்கும் அஞ்சுதான் இருந்திருக்கு," என்றாள். "நான் பாத்தது இல்லாம. அதுலயும் நானாவ எடுத்துட்டா நாலு."

மைமூன் நகர்ந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நல்லா ஆடுறா உம்மா. ரொம்ப நல்லா ஆடுறா."

சொல்லிவிட்டுக் கைபேசியை நசீரின் மடியில் வைத்தாள். மதியத்திலிருந்து அழாத பெண், உம்மாவின் தோளுக்குக் குனிய முடியாத அளவு வளர்ந்த பெண், அப்படியே தரையில் சரிந்து அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள்.

நசீரின் மடியில் திரை இன்னும் அணையவில்லை. வீடியோவின் பின்னால், நீக்க வேண்டிய பெயருக்காக ஹெலனின் கடிதம் திறந்தே இருந்தது.